ஜேம்ஸ் பாண்ட் இசை: ரசிகர்கள் எதற்காக இவ்வளவு வாதாடுகிறார்கள்?

2006-ல் வந்த ‘கஸினோ ராயல்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டின் தீம் மியூசிக் கடைசிக் காட்சி வரை முழுதாக ஒலிக்காது. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு. மிஸ்டர் ஒயிட் என்ற ஆள் காலில் குண்டடிபட்டுத் தரையில் தவழ்கிறான். டேனியல் கிரெய்க் துப்பாக்கியோடு வந்து நின்று தன் பெயரைச் சொல்கிறார். அப்போதுதான் அந்தக் கிட்டார் ஆரம்பிக்கிறது, படமும் முடிகிறது. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்துக் கொடுத்த அந்த இசையை, இந்தப் பட வரிசையிலேயே எடுத்த மிகச் சிறந்த முடிவு என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாண்ட் படம் பார்க்க வந்தவனுக்குப் பாண்ட் இசையைக் கொடுக்காமல் அனுப்புவதா என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு ட்யூன் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன? ஆனால் இயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை 25 பாண்ட் படங்கள் எடுத்திருக்கிறது. ஆறு நடிகர்கள் மாறினார்கள். இயக்குநர்கள், வில்லன்கள், கார்கள், உலக அரசியல் எல்லாமே மாறின. மாறாமல் கூடவே வந்தது ஒரு மெட்டு. அதனால் பாண்ட் எப்படி மாறினான் என்று பேச ஆரம்பிக்கும் ரசிகர்கள் சுற்றிச் சுற்றி அந்த மெட்டிடமே வந்து நிற்கிறார்கள். அதை எங்கே வைத்தார்கள், எவ்வளவு வைத்தார்கள், எங்கே வேண்டுமென்றே மறைத்தார்கள் என்பதுதான் வாதத்தின் மையம். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் அந்த வாதத்துக்குள் நுழைய ஒரு வழியைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று அடுக்குகள்

பாண்ட் இசை என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த தீம் மியூசிக். எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாமல் பாண்ட் என்ற ஆளுக்கே சொந்தமானது. இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக எழுதப்படும் டைட்டில் பாட்டு. அந்தந்தக் காலத்தின் பெரிய பாடகர் ஒருவர் பாடுவார். பாட்டு வானொலியிலும் இசைத்தட்டிலும் தனியாகப் போய் சம்பாதிக்கும். மூன்றாவது, படம் முழுக்க ஓடும் பின்னணி இசை. துரத்தல், காதல், ஒளிந்து நுழைவது என்று காட்சிக்குக் காட்சி இசையமைப்பாளர் எழுதுவது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போது நல்ல பாண்ட் இசை பிறக்கிறது. பேசாமல் விலகி நிற்கும்போது ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்த மெட்டுக்குள் என்ன இருக்கிறது

1962-ல் வந்த முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’வுக்கு இசையமைக்க அழைக்கப்பட்டவர் மான்டி நார்மன். அவரிடம் ஒரு பழைய மெட்டு இருந்தது. வி.எஸ். நைபால் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக அவர் போட்ட பாட்டு அது. டிரினிடாடில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் கதை என்பதால் மெட்டிலும் இந்தியச் சாயல் இருந்தது. நாடகம் மேடை ஏறவில்லை. நார்மன் அந்த மெட்டை எடுத்துப் பாண்டுக்குக் கொடுத்தார். கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு லண்டன் உளவாளியின் அடையாளமாக மாறியது என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி.

மெட்டு மட்டும் போதவில்லை. ஜான் பேரி என்ற இளம் இசைக்குழுத் தலைவரை அழைத்து அதைச் சீரமைக்கச் சொன்னார்கள். அவர்தான் அதற்கு ஜாஸ் குழுவின் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் கொண்டுவந்தார். விக் ஃப்ளிக் கிட்டாரின் தடித்த தந்திகளில் அழுத்தி மீட்டினார். ஆக, மெட்டு ஒருவர், உடை ஒருவர், குரல் ஒருவர்.

இதை உண்மையில் உருவாக்கியது யார் என்பது ரசிகர்களிடையே ஓயாத முதல் சண்டை. பேரிதான் உருவாக்கினார் என்று எழுதிய ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை மீது நார்மன் வழக்குப் போட்டார். 2001-ல் லண்டன் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 30,000 பவுண்ட் நஷ்டஈடு. சட்டப்படி விஷயம் முடிந்தது. ரசிகர்கள் முடிக்கவில்லை. மெட்டு நார்மனுடையது, அந்த ஒலி பேரியுடையது என்று பிரித்துச் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

சரி, அந்த ஒலியில் என்ன ரகசியம்? கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஆரம்பத்தில் கீழே ஊர்ந்துகொண்டே இருக்கும் நாலு சுரங்களைக் கவனியுங்கள். பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், திரும்பவும் சுத்த தைவதம். அவ்வளவுதான். அரை அரைச் சுரமாக மேலே ஏறி, போய்ச் சேராமல் இறங்கிவிடும். யாரோ இருட்டில் ஒரு அடி எடுத்து வைத்துப் பின்வாங்குவதுபோல இருக்கும். அதற்கு மேலே கிட்டார் ஷட்ஜம், ரிஷபம், சாதாரண காந்தாரம் என்று மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. அப்புறம் திடீரென்று ட்ரம்பெட்டுகள் கும்பலாக எழுந்து ஜாஸ் நடையில் ஆட ஆரம்பிக்கும். கடைசியில் கிட்டாரில் ஒரே ஒரு கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது. மைனர் கார்டுதான், ஆனால் அதற்குள் காகலி நிஷாதம் உட்கார்ந்திருப்பதால் முடிந்த மாதிரியே இருக்காது. கத்தியைப் பாதி உருவி வைத்த மாதிரி நிற்கும்.

ஆக, ஒரே மெட்டுக்குள் மூன்று மனநிலைகள் இருக்கின்றன: பதுங்கல், மிடுக்கு, பாய்ச்சல். பின்னால் வந்த எந்த இசையமைப்பாளரும் முழு மெட்டையும் போட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆபத்து நெருங்குகிறது என்று சொல்ல அந்த நாலு சுரம் போதும். அவன் வந்துவிட்டான் என்று சொல்லக் கிட்டார் போதும். தப்பித்துவிட்டான் என்று சொல்ல ட்ரம்பெட் போதும். சின்னச் சின்னத் துண்டாக உடைத்தாலும் அடையாளம் தெரியும் என்பதுதான் இதன் பலம். வேறு பல படத் தீம்களுக்கு இந்த வசதி கிடையாது. முழுசாக வாசித்தால்தான் தெரியும்.

பேரி வகுத்த முறை

‘டாக்டர் நோ’வில் தீம் மியூசிக்கை அளவில்லாமல் போட்டிருக்கிறார்கள். சூதாட்ட மேசையில் ஷான் கானரி முதல்முறை பெயர் சொல்லும்போது வருவது அற்புதம். ஆனால் ஜமைக்கா விமான நிலையத்தில் சும்மா நடந்து வரும்போதும் அதே இசை. புதிய பொம்மை கையில் கிடைத்த உற்சாகம் படம் முழுக்கத் தெரிகிறது.

1963-ல் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்திலிருந்து பின்னணி இசை முழுவதும் பேரி கையில் வந்தது. அவர் மொத்தம் 11 பாண்ட் படங்கள் செய்தார். ‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) படத்தில்தான் மூன்று அடுக்குகளையும் பின்னும் முறை முழுமையடைந்தது. பாட்டை முதலில் எழுதிவிடுவார். ஷெர்லி பாஸி அதைத் தொண்டை கிழியப் பாடுவார். பிறகு அந்தப் பாட்டின் மெட்டையே எடுத்துப் படம் முழுக்கத் தூவிவிடுவார். வில்லன் வரும்போது மெதுவாக, கார் ஓடும்போது வேகமாக, பெண் இறந்து கிடக்கும்போது குளிராக. டைட்டிலில் கேட்ட மெட்டு காது பழகிப்போய், படம் முடியும்போது உங்களுக்குத் தெரியாமலே உங்களுடையதாகிவிடும். தீம் மியூசிக் பாண்டுக்கு, பாட்டு மெட்டு அந்தப் படத்தின் உலகத்துக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதனால் தீமைக் குறைவாகப் போட முடிந்தது.

பேரியின் உச்சம் எது என்று கேட்டால் ரசிகர்கள் பிரிவார்கள். நான் தயங்காமல் ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) என்பேன். கானரி போய் ஜார்ஜ் லேசன்பி வந்த படம். புது ஆளைப் பார்வையாளர்கள் ஏற்பார்களா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அந்தப் பயத்தை இசைதான் சுமந்தது. இவ்வளவு நீளமான தலைப்பை எப்படிப் பாட்டாக்குவது? பேரி பாட்டே வேண்டாமென்று டைட்டிலுக்கு வாத்திய இசை எழுதினார். அப்போது புதிதாக வந்திருந்த மூக் சிந்தசைசர் என்ற எலெக்ட்ரானிக் வாத்தியத்தை அடியில் உறும விட்டார். பனிச்சறுக்குத் துரத்தலில் அது வரும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

அதே படத்தில் காதலுக்கென்று தனிப் பாட்டு ஒன்று உண்டு. ஹால் டேவிட் வரிகளில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடியது. நமக்கு வேண்டிய நேரமெல்லாம் இருக்கிறது என்று சொல்லும் பாட்டு. உடல்நலம் குன்றியிருந்த ஆம்ஸ்ட்ராங் 1971-ல் இறந்துவிட்டார். படத்திலும் அந்த நேரம் இல்லை. கல்யாணமான சில மணி நேரத்தில் பாண்டின் மனைவி ட்ரேசி சுட்டுக் கொல்லப்படுகிறாள். வெற்றியோடு முடிந்தே பழகிய வரிசையில் ஒரு படம் துக்கத்தில் முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிரெய்க் படங்களுக்கு வரும்போது தேவைப்படும்.

இவ்வளவு செய்த பேரி ஐந்து ஆஸ்கர் வாங்கினார். பாண்ட் படத்துக்காக ஒன்றுகூட இல்லை.

காலத்தோடு ஓடிய காலம்

எழுபதுகளில் பாண்ட் படங்கள் அந்தந்த நேரத்து மோகத்தைத் துரத்த ஆரம்பித்தன. கறுப்பினக் கதாநாயகர்களின் படங்கள் அமெரிக்காவில் ஓடியபோது ‘லிவ் அண்ட் லெட் டை’ (1973) நியூயார்க்கின் ஹார்லமுக்குப் போனது. குங்ஃபூ மோகம் வந்ததும் ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ (1974) கராத்தே பள்ளிக்குள் நுழைந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ வசூலைப் பார்த்துவிட்டு, அறிவித்திருந்த படத்தைத் தள்ளிவைத்து ‘மூன்ரேக்கர்’ (1979) எடுத்து அப்போதைய பாண்ட் ரோஜர் மூரை விண்வெளிக்கு அனுப்பினார்கள்.

இசையும் கூடவே ஓடியது. 1973-ல் பேரிக்குப் பதிலாக பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வந்தார். பால் மெக்கார்ட்னி ராக் பாட்டுப் போட்டார். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பாண்ட் பாட்டு அதுதான். 1977-ல் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’க்கு மார்வின் ஹாம்லிஷ் தீம் மியூசிக்கை டிஸ்கோவாக்கினார். 1981-ல் பில் கான்ட்டி அதே வழியில் இன்னும் கொஞ்சம் தூரம் போனார்.

இந்தக் காலத்தைப் பற்றிய சண்டை எப்போதும் சூடாகவே இருக்கும். டிஸ்கோவும் ஃபங்க்கும் பாண்டின் கம்பீரத்தைக் கெடுத்துவிட்டன என்பது ஒரு கட்சி. பேரி அறுபதுகளில் செய்ததும் அன்றைய நாகரிகமான ஜாஸ்தானே, அவருக்கு ஒரு நியாயம் ஹாம்லிஷுக்கு ஒரு நியாயமா என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கேள்வி வலுவானது. நான் அந்தப் பக்கம்தான். ஹாம்லிஷின் டிஸ்கோ வடிவத்தில் அந்த நாலு சுரம் அப்படியே உயிரோடு இருக்கிறது, தாளம்தான் மாறியிருக்கிறது. கார்லி சைமன் பாடிய பாட்டின் மெட்டையும் அவர் படத்துக்குள் அழகாகக் கொண்டுபோனார். முறை பேரியுடையது, உடை புதிது.

உண்மையான சறுக்கல் பேரி கையாலேயே நடந்தது. ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில் ஒரு கார் உடைந்த பாலத்திலிருந்து பாய்ந்து, காற்றில் ஒரு முழுச் சுற்று சுழன்று, மறுகரையில் நாலு சக்கரத்தில் இறங்கும். கணினியில் கணக்குப் போட்டு நிஜமாகவே செய்த சாகசம். அந்தச் சுழற்சியின்மேல் சர்க்கஸ் கோமாளிக்குப் போடுவதுபோல ஊதல் சத்தம் ஒன்றை வைத்துவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்த காட்சி ஒரு நொடியில் விளையாட்டாகிவிட்டது. பாண்ட் ரசிகர்கள் அனைவரும் ஒரே கருத்தில் இருக்கும் ஒரு சில விஷயங்களில் இது ஒன்று. படத்தை நம்பவைப்பதும் நம்பவிடாமல் செய்வதும் இசைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

1983: இரண்டு பாண்ட், ஒரு மெட்டு

தீம் மியூசிக் எவ்வளவு முக்கியம் என்பதை அளந்து பார்க்கச் சரித்திரமே ஒரு சோதனை நடத்தியது. 1983-ல் இரண்டு பாண்ட் படங்கள் வந்தன. இயான் நிறுவனத்தின் ‘ஆக்டோபசி’யில் ரோஜர் மூர். சட்டச் சண்டை வழியாக வேறு தயாரிப்பாளர்கள் எடுத்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் ஷான் கானரி. கதை உரிமை இரண்டாவது தரப்புக்கு இருந்தது, மெட்டின் உரிமை இல்லை.

‘ஆக்டோபசி’யின் இந்தியக் காட்சிகளில் பெரும்பாலானவை உதய்ப்பூரில் எடுக்கப்பட்டன. பாண்ட் படகில் வந்து இறங்குகிறான். கரையில் ஒரு பாம்பாட்டி மகுடி ஊதுகிறார். ஊதுவது பாண்ட் தீமை! அதைக் கேட்டுத்தான் தன்னைச் சந்திக்க வந்த ஆள் இவர் என்று பாண்ட் அடையாளம் காண்கிறான். அந்தப் பாம்பாட்டி வேடத்தில் இருந்தவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். படத்துக்கு வெளியே நமக்காக ஒலிக்கும் இசை படத்துக்குள் இருப்பவர்களுக்கும் கேட்டுவிட்ட அபூர்வமான இடம் அது. இந்தியச் சாயலோடு பிறந்த மெட்டு ஒரு தமிழர் கையிலிருந்த மகுடிக்கு வந்து சேர்ந்ததை நினைத்து நான் சந்தோஷப்படுவேன். கடுமையான ரசிகர்கள் சிலருக்கு இந்தக் காட்சி பிடிக்காது. தன் தீமைத் தானே கேட்கும் உளவாளியை எப்படி நம்புவது என்பார்கள். அதிலும் அர்த்தம் இருக்கிறது.

மறுபக்கம் கானரியின் படத்தைப் பாருங்கள். மூல பாண்ட் அவர்தான். நடை, பார்வை, குறும்பு எல்லாம் இருக்கிறது. இசையமைத்தவர் மிஷெல் லெக்ராண்ட், பெரிய மேதை. ஆனால் ஒவ்வொரு முறை கானரி திரும்பிப் பார்க்கும்போதும் காது எதையோ எதிர்பார்த்து ஏமாறுகிறது. ஆளும் கதையும் சரியாக இருந்தும் மெட்டு இல்லாததால் பாண்ட் முழுமையாகவில்லை. இந்தப் படத்தை வெறுப்பவர்களும் ரசிப்பவர்களும் இதை மட்டும் ஒப்புக்கொள்வார்கள்.

எலெக்ட்ரானிக் சண்டை

எண்பதுகளில் பாட்டுகள் பாப் தரவரிசையைக் குறிவைத்தன. டுரான் டுரான் குழுவின் ‘எ வியூ டு எ கில்’ (1985) அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஒரே பாண்ட் பாட்டு. 1987-ல் ‘தி லிவிங் டேலைட்ஸ்’ பேரியின் கடைசிப் பாண்ட் படம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அடியில் எலெக்ட்ரானிக் தாளத்தை ஓடவிட்டு, தன் பழைய பாணியைத் தானே புதுப்பித்துவிட்டுப் போனார். படத்தின் முடிவில் கச்சேரி மேடையில் குழுவை நடத்துபவராக அவரே தோன்றுகிறார்.

1989-ல் இன்னொரு படம், அதற்குப் பிறகு ஆறு வருட இடைவெளி, 1995-ல் ‘கோல்டன்ஐ’. பியர்ஸ் பிராஸ்னன் புதிய பாண்ட், பிரான்ஸைச் சேர்ந்த எரிக் செர்ரா புதிய இசையமைப்பாளர். ரசிகர்கள் இன்றுவரை மோதிக்கொள்ளும் இசை இதுதான். உலோகத்தைத் தட்டுவது போன்ற சத்தங்கள், முரசில் அடித்து உடைக்கப்பட்ட தீம், குளிர்ந்த சிந்தசைசர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பாண்ட் ராணுவ டாங்க் ஓட்டும் காட்சிக்கு செர்ரா போட்ட இசையைத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. ஜான் ஆல்ட்மன் என்பவரை வைத்து முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு தீம் மியூசிக்கை எழுதி வைத்தார்கள். படத்திலேயே அதிகம் நினைவில் நிற்கும் இசை அந்தக் காட்சியினுடையது என்பது செர்ராவுக்கு எதிரானவர்களின் முக்கிய ஆதாரம்.

எலெக்ட்ரானிக் என்பதால் தோற்றது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பேரியே 1969-ல் சிந்தசைசர் போட்டவர். சோவியத் உடைந்த பிறகு எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும் உலகத்துக்கு அந்தக் குளிர்ச்சி பொருத்தமானதே. சிலைகள் குவிந்து கிடக்கும் பூங்காவில் நடக்கும் சந்திப்பை அந்த இசை இல்லாமல் யோசிக்க முடியவில்லை. பிரச்சினை வேறு இடத்தில். புதிய நடிகர் வரும்போது இவன்தான் அவன் என்று பார்வையாளரிடம் உறுதி சொல்ல வேண்டிய வேலை தீமுடையது. டாங்க் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் இடம் அந்த உறுதிக்காகவே எடுக்கப்பட்டது. அங்கே உடைந்த தீம் போதாது.

அடுத்து வந்த டேவிட் அர்னால்டு பேரியின் பரம ரசிகர். பாண்ட் பாட்டுகளைப் புதிய பாடகர்களை வைத்து ஒரு தொகுப்பாக்கியிருந்தார். அதைக் கேட்ட பேரியே அவரைத் தயாரிப்பாளர்களிடம் பரிந்துரைத்தார். ‘டுமாரோ நெவர் டைஸ்’ (1997) படத்துக்கு அவர் எழுதிய பாட்டை கே.டி. லாங் பாடினார். ஆனால் டைட்டிலுக்கு ஷெரில் க்ரோவின் பாட்டு தேர்வாகி, அர்னால்டின் பாட்டு படத்தின் முடிவுக்குத் தள்ளப்பட்டது. விளைவு விசித்திரமானது. பின்னணி இசை முழுக்க ஒரு மெட்டு வந்துகொண்டே இருக்கும், அந்த மெட்டுக்குரிய பாட்டைப் படம் முடிந்த பிறகுதான் கேட்போம். மூன்று அடுக்குகளையும் பின்னும் வேலை பாதியில் அறுந்ததற்கு இது நல்ல உதாரணம்.

அர்னால்டுமேல் ரசிகர்கள் வைத்த குறை, அவர் தீமை எங்கு பார்த்தாலும் போடுகிறார் என்பது. ஒரு கதவு திறந்தால்கூட ட்ரம்பெட். அந்தக் குறை சரியானதுதான். அதே அர்னால்டுதான் ‘கஸினோ ராயல்’ படத்துக்கும் இசை. எங்கும் தூவியவர் இப்போது பூட்டி வைத்தார். அந்தக் கதையில் பாண்ட் இன்னும் பாண்ட் ஆகவில்லை. கொலை உரிமம் அப்போதுதான் கிடைத்திருக்கிறது, தவறுகள் செய்கிறான், நம்பியவளால் ஏமாற்றப்படுகிறான். அதனால் கிறிஸ் கார்னெல் பாடிய டைட்டில் பாட்டின் மெட்டைத் தீமுக்குப் பதிலாக ஓடவிட்டார் அர்னால்டு. பழைய ஆஸ்டன் மார்ட்டின் காரைச் சூதில் ஜெயிக்கும்போது தீமின் சின்னத் துண்டு. முதன்முதலாக டின்னர் ஜாக்கெட் போட்டுக் கண்ணாடியில் பார்க்கும்போது இன்னொரு துண்டு. பாண்டின் ஒவ்வொரு அடையாளமும் வந்து சேரச் சேர மெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. தீம் மியூசிக்கைக் கதையாகவே பயன்படுத்திய ஒரே படம் என்று இதைச் சொல்வேன்.

இதில் கோபப்பட்டவர்களுக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு. ஒருமுறை செய்தால் அது கதை, திரும்பத் திரும்பச் செய்தால் வெட்கம். ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ (2008), ‘ஸ்கைஃபால்’ (2012) இரண்டிலும் துப்பாக்கிக் குழல் வழியே பாண்ட் தெரியும் அந்தப் பழைய முகப்பு படத்தின் முடிவுக்குப் போனது. தன் அடையாளத்தைப் பற்றியே கூச்சப்படும் வரிசையாக ஆகிவிட்டதோ என்று கேட்டார்கள். 2015-ல் ‘ஸ்பெக்டர்’ அதைத் திரும்ப முன்னால் கொண்டுவந்தது.

துக்கப்படும் உளவாளிக்கு என்ன இசை?

‘ஸ்கைஃபால்’ படத்துக்கு இயக்குநர் சாம் மெண்டஸ் தன் வழக்கமான இசையமைப்பாளர் தாமஸ் நியூமனை அழைத்து வந்தார். அடெல் பாடிய பாட்டு பேரி காலத்து வாசனையோடு இருந்தது, ஆஸ்கர் வென்ற முதல் பாண்ட் பாட்டும் அதுவே. அடுத்த இரண்டு படங்களின் பாட்டுகளும், சாம் ஸ்மித்தும் பில்லி ஐலிஷும் பாடியவை, ஆஸ்கர் வாங்கின. ஆனால் நியூமன் பின்னணி இசையில் அடெலின் மெட்டு அநேகமாக ஒரே இடத்தில்தான், மக்காவ் சூதாட்ட விடுதிக்குப் படகில் போகும்போது, வருகிறது. பாட்டும் படமும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்னால்டு ரசிகர்கள் சொல்வார்கள். மறுதரப்பு நியூமனின் மெல்லிய, மனதுக்குள் நுழையும் ஒலியைத்தான் புதிய பாண்டின் குரல் என்கிறது. ‘ஸ்பெக்டர்’ படத்தில் நியூமன் முந்தைய படத்தின் சில பகுதிகளையே திரும்பப் பயன்படுத்தியதை மட்டும் அவருடைய ஆதரவாளர்களாலும் காப்பாற்ற முடிவதில்லை.

இங்கே பழைய மெட்டுக்கே ஒரு சிக்கல் வருகிறது. அது தன்னம்பிக்கையின் இசை. கானரியும் மூரும் காயப்படாதவர்கள். அவர்களுக்கு அது கச்சிதம். கிரெய்க் நடித்த ஐந்து படங்களும் ஒரே தொடர்கதை. காதலியை இழக்கிறான், தன் உளவுத்துறைத் தலைவியை இழக்கிறான், வயதாகிறது, யாரையும் நம்ப முடியாமல் போகிறது. அழுகிறவன் பின்னால் அந்த ட்ரம்பெட்டை ஒலிக்கவிட முடியாது. பாண்ட் படங்கள் மனிதத்தன்மை அடைந்தன என்று ஒரு கூட்டம் பாராட்டுவதும், கொண்டாட்டம் போய்விட்டது என்று இன்னொரு கூட்டம் வருந்துவதும் இதே நிகழ்வைத்தான்.

‘நோ டைம் டு டை’ (2021) படத்தில் ஹான்ஸ் ஸிம்மர் இதற்கு ஒரு விடை தேடினார். துக்கத்துக்கான இசை பாண்ட் வரிசைக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தது, 1969-ல். இத்தாலியின் மத்தேரா மலைப்பாதையில் காதலியோடு காரில் போகும்போது ஆம்ஸ்ட்ராங் பாட்டின் மெட்டு வருகிறது. அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கு அப்போதே வயிறு கலங்கிவிடும். பாண்டே இறந்துபோன பிறகு, முடிவில் ஆம்ஸ்ட்ராங்கின் அதே பழைய குரல் ஒலிக்கிறது. இரவல் வாங்கிய கண்ணீர் என்று இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 52 வருடத்துக்கு முந்தைய படத்தின் வலியைக் கடன் வாங்கி இந்தப் படம் அழ வைக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு நீண்ட வரிசைக்கு நினைவு என்று ஒன்று இருந்தால் அது இசையில்தான் இருக்க முடியும், அதை எடுத்துப் பயன்படுத்த அந்த வரிசைக்கு உரிமை உண்டு.

2025-ல் இந்தப் படங்களின் படைப்புப் பொறுப்பு அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது. அடுத்த படத்துக்கு இயக்குநராக டெனி வில்நெவ் அறிவிக்கப்பட்டிருக்கிறார். மௌனத்தையும் கனத்த ஒலியையும் விரும்புகிறவர் அவர் என்பதால் ரசிகர்களின் வாதம் இப்போதே தொடங்கிவிட்டது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் பட வரிசைப்படி போக வேண்டியதில்லை. ‘கோல்ட்ஃபிங்கர்’ பார்த்துப் பாட்டின் மெட்டு படத்துக்குள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ பனிச்சறுக்குக் காட்சியை நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். அப்புறம் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’. அதில் இஸ்தான்புல் விடுதி அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று பாண்ட் தேடிப் பார்க்கிறான். ஆள் இல்லாத அந்த அறைக்கு முழு தீம் மியூசிக்கும் முழங்குகிறது. அதே படத்தில் ரயில் பெட்டிக்குள் தன்னைக் கொல்ல வந்த ரெட் கிராண்டோடு உயிருக்குப் போராடுகிறான். அங்கே இசையே கிடையாது, உடையும் கண்ணாடியும் ரயில் சத்தமும் மட்டும்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.